விக்கிரகங்களை விட்டு மெய்யான தேவனிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் விக்கிரகாராதனை என்ற தலைப்பை எடுத்தால், முதல் பத்து நிமிடம் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். இது நமக்கில்லை, வேறு யாருக்கோ என்ற நிம்மதி. அப்புறம் பொருளாசையையும் விக்கிரகாராதனை என்று சொல்லும் கொலோசெயர் 3:5-ஐ வாசித்ததும் கேள்விகள் வரத் தொடங்கும். அப்படிப் பல வருடங்களாக என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் பழைய திருப்புதல் வேதாகமத்தில் உள்ளபடி.

விக்கிரகம் என்றால் சிலைதானே? எங்கள் வீட்டில் ஒரு சிலையும் இல்லையே.

சிலையும் அதில் அடக்கம். ஆனால் வேதமே அந்தச் சொல்லைச் சிலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எசேக்கியேல் 14-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலின் மூப்பர்கள் சிலர் தீர்க்கதரிசியின் முன் வந்து உட்காருகிறார்கள். கையில் எதையும் கொண்டுவரவில்லை. கர்த்தருடைய வார்த்தையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான், இவர்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தின்மேல் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் சொல்கிறார். இன்றைய கணக்கில் சொன்னால், ஆராதனைக்கு நேரத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

மார்ட்டின் லூத்தர் 1529-ல் பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) முதல் கற்பனைக்கு விளக்கம் எழுதும்போது 'தேவன்' என்ற சொல்லையே இந்தப் பக்கத்திலிருந்து விளக்கினார். உன் இருதயம் எதைப் பிடித்துக்கொண்டு, எதை நம்பி நிற்கிறதோ அதுதான் உண்மையில் உன் தேவன் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை ஏற்றுக்கொண்டால் வீட்டில் சிலை இருக்கிறதா என்ற கேள்வியோடு தப்பிக்க முடியாது.

"வேறே தேவர்கள் வேண்டாம்", "சுரூபம் வேண்டாம்": இரண்டும் ஒரே கற்பனையா, இரண்டா?

எண்ணுவதில் சபைகளுக்குள் வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இரண்டையும் சேர்த்து முதல் கற்பனை என்று எண்ணி, இச்சிப்பதைப் பற்றிய கடைசிக் கற்பனையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த, ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகின்றன. யூத வழக்கம் இன்னும் வேறு. எப்படி எண்ணினாலும் மொத்தம் பத்துதான், வாசகத்தில் ஒரு வரியும் குறையவில்லை. இதை வைத்து யாரும் யாரையும் "கற்பனையை நீக்கிவிட்டார்கள்" என்று குற்றம்சாட்ட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு தவறுகள் இருக்கின்றன என்பது முக்கியம். தேவனல்லாத ஒன்றைத் தொழுவது முதலாவது தவறு. மெய்யான தேவனையே நமக்கு வசதியான ஓர் உருவத்துக்குள் அடக்கித் தொழுவது இரண்டாவது. விசுவாசிகள் அதிகம் விழுவது இந்த இரண்டாவதில் என்பது என் எண்ணம்.

பொன் கன்றுக்குட்டியைச் செய்தவர்கள் கர்த்தரை விட்டு வேறு தேவனிடம் போனவர்கள்தானே?

அப்படித்தான் நானும் சிறுவயதில் படித்தேன். யாத்திராகமம் 32:5-ஐ மெதுவாக வாசித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. கன்றுக்குட்டியின் முன் பலிபீடத்தைக் கட்டிவிட்டு ஆரோன் என்ன அறிவிப்பு கொடுத்தான் தெரியுமா? நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்று. பாகாலுக்கு என்று சொல்லவில்லை, எகிப்தின் தேவர்களுக்கு என்றும் சொல்லவில்லை. கர்த்தருடைய பெயரை வைத்துக்கொண்டே கன்றுக்குட்டியின் முன் விழுந்தார்கள்.

ஏன் கன்றுக்குட்டி? மோசே மலையில் நாற்பது நாள் இருந்தான். கீழே இருந்தவர்களுக்குக் காத்திருக்க முடியவில்லை. முன்னால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, கண்ணுக்குத் தெரிகிற, தாமதிக்காத ஒன்று வேண்டியிருந்தது. சீனாய் மலையின் தேவன் பேசுவார், கட்டளையிடுவார், காத்திருக்கவும் சொல்வார். கன்றுக்குட்டி எதுவும் சொல்லாது. நாம் வைத்த இடத்தில் இருக்கும்.

அப்புறம் மோசே வந்து கேட்டபோது ஆரோன் சொன்ன பதிலும் கவனிக்க வேண்டியது. பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறான்! அதே அதிகாரம் நான்காம் வசனத்தில் அவனே சிற்பக் கருவியால் அதற்கு உருக்கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. விக்கிரகத்தைப் பற்றி விசாரித்தால் எல்லோருமே கொஞ்சம் ஆரோனைப் போலத்தான் பேசுகிறோம். "நான் ஒன்றும் திட்டமிடவில்லை, தானாக இப்படி ஆகிவிட்டது."

பல தலைமுறை கழித்து எரொபெயாம் ராஜா இதையே அரசாங்கத் திட்டமாகச் செய்தான். பெத்தேலில் ஒன்று, தாணில் ஒன்று என்று இரண்டு கன்றுக்குட்டிகள். அவன் ஜனங்களுக்குச் சொன்ன காரணம், எருசலேம்வரை போவது உங்களுக்குச் சிரமம் என்பது. மனதுக்குள் இருந்த காரணம் வேறு: ஜனம் எருசலேமுக்குப் போய்வந்தால் அவர்கள் மனம் தாவீதின் வீட்டாரிடம் திரும்பிவிடும், என் ராஜ்யம் போய்விடும் என்ற பயம். 1 இராஜாக்கள் 12-இல் இரண்டு காரணங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கன்றுக்குட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் நிற்கிறது. அதைப் பார்க்காமல் கன்றுக்குட்டியை மட்டும் உடைத்தால் இன்னொன்று வார்க்கப்படும்.

தேவனே கொடுத்த நல்ல பொருள் விக்கிரகமாக முடியுமா?

முடியும். வெண்கலச் சர்ப்பம் யார் சொல்லிச் செய்தது? கர்த்தர் சொல்லித்தான். எண்ணாகமம் 21-இல் பாம்பு கடித்தவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள். அது பாதுகாத்து வைக்கப்பட்டது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கினார்கள். கடைசியில் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, 'நிகுஸ்தான்' என்று பெயரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). வெறும் வெண்கலத் துண்டு என்ற அர்த்தத்தில். மோசே கையால் செய்த பொருளை உடைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு யாராவது "இது நம் பாரம்பரியம்" என்று நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

மீதியானியரைப் போரில் வென்ற கிதியோனின் கதை இதைவிட வருத்தமானது. "நீர் எங்களை ஆளும்" என்று ஜனங்கள் கேட்டபோது, நான் ஆளமாட்டேன், கர்த்தர் உங்களை ஆளுவார் என்று அழகாகப் பதில் சொன்னான். அடுத்த மூச்சில் கொள்ளையில் கிடைத்த பொன் கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். 1,700 சேக்கல், இன்றைய எடையில் ஏறக்குறைய 19 கிலோ. அதில் ஓர் ஏபோத்தைச் செய்து தன் ஊராகிய ஓப்ராவில் வைத்தான். ஏபோத் என்பது ஆசாரியனின் உடை, புனிதமான பொருள்தான். இஸ்ரவேலர் எல்லோரும் அதன் பின்னால் போனார்கள், அது கிதியோனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்று நியாயாதிபதிகள் 8:27 சொல்கிறது. தன் வாழ்க்கையில் தேவன் செய்த பெரிய காரியத்துக்கு ஒரு ஞாபகச்சின்னம் வைக்கப் போனவன், அந்தச் சின்னத்திலேயே சிக்கிக்கொண்டான்.

பத்துக் கற்பனைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைக்கூட இப்படிச் செய்ய முடிந்தது. பெலிஸ்தரிடம் முதல் சண்டையில் தோற்றதும் இஸ்ரவேலர், பெட்டியைக் கொண்டுவருவோம், அது நம்மை இரட்சிக்கும் என்றார்கள். 'அவர்' என்று சொல்லவில்லை. அந்தப் போரில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது (1 சாமுவேல் 4). இன்று தலையணைக்கடியில் வேதாகமம் இருந்தால் கெட்ட கனவு வராது என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். வேதாகமம் திறந்து வாசிப்பதற்கான புத்தகம்.

பொருளாசையை எதற்கு விக்கிரகாராதனை என்று பவுல் சொல்கிறார்? பாவம் என்று சொன்னால் போதாதா?

"விக்கிரகாராதனையான பொருளாசை" என்பது கொலோசெயர் 3:5-இன் சொல். எபேசியர் 5:5-லும் இதே இணைப்பு வருகிறது. இயேசுவும் பணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எஜமானைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது." இதில் 'உலகப்பொருள்' என்று வருவது மூலத்தில் 'மாமோன்' என்ற அரமேயச் சொல். ஊழியம், எஜமான் என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆராதனைக்கான சொற்கள் அவை.

பணம் செய்யும் வாக்குறுதிகளைக் கொஞ்சம் பாருங்கள். நாளைக்குப் பயப்படாதே, நான் இருக்கிறேன். எந்தக் கதவையும் நான் திறப்பேன். உன்னை நாலு பேர் மதிக்கும்படி செய்வேன். தேவன் மட்டுமே கொடுக்க வேண்டிய வாக்குறுதிகள் இவை. அதனால்தான் பணம் போனால் சிலருக்குப் பணம் மட்டும் போவதில்லை, வாழ்வதற்கான காரணமே போய்விடுகிறது.

பணம் இல்லாதவருக்கும் இந்த விக்கிரகம் உண்டு. இருப்பவர் அதை நம்புகிறார், இல்லாதவர் அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்.

என் விக்கிரகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகக் கேட்டால் மனது பொய் சொல்லும். கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

எதை இழந்துவிடுவேனோ என்று ராத்திரி விழித்துக்கொள்கிறீர்கள்? யாராவது எதைத் தொட்டால் உங்களுக்கு அளவுக்கு மீறிக் கோபம் வருகிறது? எந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் சின்னப் பொய் சொல்வது தப்பில்லை என்று தோன்றுகிறது? ஜெபத்தில் எதைப் பற்றித் தேவன் பேசிவிடக் கூடாது என்று பேச்சை மாற்றுகிறீர்கள்? ஐசுவரியவானான அந்த வாலிபனிடம் இயேசு கற்பனைகளைப் பற்றிப் பேசியவரை உரையாடல் நன்றாகத்தான் போனது. உள்ளதை விற்றுக் கொடு என்றதும் முகம் வாடிவிட்டது. அவன் முகம் வாடிய இடம் எதுவோ அதுதான் விஷயம். மாற்கு மட்டும் இன்னொன்றையும் எழுதுகிறார்: அதைச் சொல்லுமுன் இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று. கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது.

என் கதையைச் சொல்கிறேன். பல வருடம் ஒரு வேதபாட வகுப்பை நான் நடத்திவந்தேன். ஒருநாள் இந்த மாதம் வேறொரு சகோதரர் நடத்தட்டும் என்று பொறுப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள். சாதாரண ஏற்பாடு. எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் பாடத்தில் தப்பு கண்டுபிடிக்கப் பேனாவும் நோட்டுமாகப் போய் உட்கார்ந்தேன்! அன்று அவர் எடுத்த பகுதி 1 யோவான் கடைசி அதிகாரம். "பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக" என்ற கடைசி வசனத்தை அவர் வாசித்தபோது நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நான் போதித்துக்கொண்டிருந்தது தேவனுடைய வார்த்தை. நான் சாய்ந்துகொண்டிருந்தது "நன்றாகச் சொன்னீர்கள் பிரதர்" என்ற வார்த்தையில்.

பிள்ளைகள்மேல், கணவன் மனைவிமேல் அதிக அன்பு வைப்பதும் விக்கிரகாராதனையா?

அன்பு அதிகமாக இருப்பது பிரச்சினை இல்லை. அன்பின் வரிசை மாறுவதுதான் பிரச்சினை. அகுஸ்தீன் இதை அன்பின் ஒழுங்கு என்று சொன்னார். பிள்ளையைத் தேவனுடைய ஈவாக நேசிப்பது ஒன்று. பிள்ளையின் மதிப்பெண், வேலை, திருமணம் இவற்றில்தான் என் வாழ்க்கைக்கே அர்த்தம் என்று நினைப்பது இன்னொன்று. இரண்டாவதில் பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. எந்த மனுஷனாலும் இன்னொருவருக்குத் தேவனாக இருக்க முடியாது. அப்படி ஆக்கப்பட்டவர்கள் நசுங்கிப்போகிறார்கள். தேவன் கேட்டபடி மகனைப் பலியிடப் போன ஆபிரகாம் மோரியா மலையிலிருந்து இறங்கியபோது ஈசாக்கும் கூடவே இறங்கினான் என்பதை மறக்க வேண்டாம். தேவன் அவனை எடுத்துக்கொள்ளவில்லை.

சிலுவை, படம், சுரூபம் வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியில் சபைகள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஒத்துப்போகவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் இதற்காகவே பெரிய போராட்டம் நடந்தது. 754-ல் கூடிய ஒரு சங்கம் படங்கள் கூடாது என்றது. 787-ல் நிசேயாவில் கூடிய சங்கம் அதை மாற்றியது. ஆராதனை தேவனுக்கு மட்டுமே உரியது, படங்களுக்குக் கொடுக்கப்படும் மரியாதை அந்தப் படம் குறிக்கும் நபரையே சென்றடைகிறது என்று பிரித்துச் சொன்னது. 843-ல்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் அந்தப் பிரிவின்மேல்தான் நிற்கின்றன.

சீர்திருத்த காலத்தில் மறுபடியும் வெடித்தது. 1522-ல் விட்டன்பர்க்கில் படங்களை அகற்றும் வேகத்தில் கலகமே உண்டானது. ஒளிந்திருந்த லூத்தர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்து அதை அடக்கினார். முதலில் வார்த்தையினால் இருதயத்திலிருந்து எடுங்கள், கையால் உடைப்பதால் இருதயம் மாறாது என்பது அவர் வாதம். சூரிச் நகரத்தில் 1524-ல் நகரசபை உத்தரவோடு ஆலயங்களிலிருந்த உருவங்கள் ஒழுங்காக அகற்றப்பட்டன. இரண்டு ஊர்க்காரரும் சீர்திருத்தக்காரர்களே. ஒரே வேதம், இரண்டு முடிவு.

என் நிலை இதுதான்: ஞாபகப்படுத்தும் பொருளை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொருளிடம் பேசத் தொடங்கினாலோ, அது இருந்தால் பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஆபத்து என்று தோன்றத் தொடங்கினாலோ, அதை எடுத்துவிடுவது நல்லது. கழுத்தில் போட்ட சிலுவைக்கும் இது பொருந்தும்.

மனந்திரும்பியபின் பழைய வழிபாட்டுப் பொருட்களை என்ன செய்வது?

உங்களுடையதை நீங்கள் முடிவுசெய்யலாம். மற்றவருடையதைத் தொடக்கூடாது. எபேசுவில் மாயவித்தை செய்தவர்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19:19 கணக்கே சொல்கிறது. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 137 வருடக் கூலி! விற்றுக் காசாக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை.

அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தியானாள் தேவியின் பெயரில் ஊரே கலவரமானபோது, ஊரின் சம்பிரதியே எழுந்து, இந்த மனுஷர் கோவில் கொள்ளையருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல என்று சாட்சி சொல்கிறான். சொன்னவன் விசுவாசி இல்லை. பவுல் அந்த ஊர்ப்பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவர், விக்கிரகங்கள் தேவர்களல்ல என்று வெளிப்படையாகப் போதித்தவர். அப்படியிருந்தும் யாருடைய கோவிலையும் தொடவில்லை, யாருடைய தெய்வத்தையும் வசைபாடவில்லை.

குடும்பத்தில் எல்லோரும் விசுவாசிகள் இல்லை. அவர்களோடு எதுவரை கலந்துகொள்ளலாம்?

பவுலே இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் எடுத்துக்கொள்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை, உணவு நம்மைத் தேவனுக்கு முன் உயர்த்துவதும் இல்லை தாழ்த்துவதும் இல்லை என்கிறார். அவிசுவாசி விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால், முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். ஆனால் வழிபாட்டிலேயே பங்குகொள்வது என்று வரும்போது தொனி மாறிவிடுகிறது: கர்த்தருடைய பாத்திரத்திலும் அதிலும் சேர்ந்து பங்குபெற முடியாது. ஆக, மேஜையில் உட்காருவது வேறு, பலிபீடத்தில் பங்குகொள்வது வேறு.

இடையில் மங்கலான இடங்கள் நிறைய வரும். அப்போது நான் சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள்வேன். குஷ்டம் நீங்கி, இனி கர்த்தருக்கே பலியிடுவேன் என்றவன், ஒரு சங்கடத்தையும் சொன்னான். என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வான், நானும் குனியவேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்றான். தீர்க்கதரிசி எலிசா நீண்ட உபதேசம் ஏதும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான், அவ்வளவுதான். இதைப் பொதுச் சட்டமாக ஆக்க முடியாது. ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வந்து, வீட்டில் நெருக்கடியில் இருப்பவரிடம் முதல் வாரமே பட்டியல் நீட்டுகிறவர்கள் எலிசாவின் பொறுமையைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

ஊழியக்காரரே விக்கிரகமாகலாமா?

லீஸ்திராவில் ஒரு சப்பாணி நடந்ததும் ஜனங்கள் தங்கள் தெய்வங்களின் பெயரால் பர்னபாவை யூப்பித்தர் என்றும், பவுலை மெர்க்கூரி என்றும் சொல்லி, எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்தார்கள். இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள். கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்று தூக்கிவிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் இரண்டு தடவை தூதனின் முன் விழுகிறார், இரண்டு தடவையும் தூதன் தடுக்கிறான். உங்கள் ஊழியக்காரர் மாலையைப் பார்த்து எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

தேசப்பற்று, தலைவர்பற்று?

பற்று இருக்கலாம். முழங்கால் மடங்கும்போதுதான் கேள்வி வருகிறது. ஏறக்குறைய கி.பி. 112-ல் பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் பேரரசரின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிட்டேன், உண்மையான கிறிஸ்தவர்களை அப்படிச் செய்யவைக்க முடியாதாம் என்று அதில் எழுதுகிறார். அவர்கள் ராஜாவுக்காக ஜெபித்தவர்கள், வரி கட்டியவர்கள். ஒரு சிட்டிகைத் தூபம்தான் கேட்கப்பட்டது. அதைத்தான் கொடுக்கவில்லை.

1934 மே மாதத்தில், ஹிட்லர் ஆட்சியிலிருந்த ஜெர்மனியின் பார்மென் நகரத்தில் கூடிய சபைத் தலைவர்களுக்கு முன்னால் தூபக்கலசம்கூட இல்லை. சபைக்குள்ளேயே தலைவனையும் இனத்தையும் தேவனுடைய வெளிப்பாடாகப் பேசிய கூட்டம் இருந்தது. அதற்கு எதிராக, நாங்கள் கேட்கவும் கீழ்ப்படியவும் வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று பார்மெனில் கூடியவர்கள் அறிக்கையிட்டார்கள்.

தேவன் ஏன் "எரிச்சலுள்ள தேவன்" என்று தன்னைச் சொல்கிறார்? அது குறையல்லவா?

அங்கே இருப்பது பொறாமைக்காரனின் எரிச்சல் இல்லை. ஓசியா முழுவதையும் வாசித்தால் தெரியும், அது ஏமாற்றப்பட்ட கணவனின் வலி.

சரி, மெய்யான ஆராதனை என்றால் என்ன? நன்றாகப் பாடுவதா?

பாடலும் அதில் உண்டு. ஆனால் இந்தச் சொல்லை நாம் பாடல் வேளைக்கே சுருக்கிவிட்டோம். "இப்போது ஆராதனை, அப்புறம் செய்தி" என்று அறிவிப்பு வேறு!

சமாரியப் பெண் இயேசுவிடம் கேட்ட கேள்வி இடத்தைப் பற்றியது. இந்த மலையா, எருசலேமா? கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளன் யோவான் கிர்கான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் அழித்திருந்தான். ஆகவே அவள் கேட்டது வெறும் வேதசாஸ்திரக் கேள்வி இல்லை. பழைய காயமும் அதில் இருந்தது. இயேசு இரண்டு இடத்தையும் தாண்டிப் போகிறார். "தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்." இதைச் சொன்ன சமயத்தில்தான் அவளுடைய ஐந்து புருஷர்களைப் பற்றிய பேச்சும் நடந்திருந்தது. அவள் மறைக்க விரும்பிய உண்மை வெளியே வந்த பிறகுதான் ஆராதனைப் பேச்சு தொடங்குகிறது. உண்மையோடு தொழுவது என்பதில், நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே அவர் முன் நிற்பதும் அடங்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ஆராதனைக்கு முக்கியமாக இரண்டு சொற்கள் உண்டு. புரொஸ்குனேயோ என்றால் விழுந்து பணிவது. லத்ரேயா என்றால் சேவை செய்வது. எபிரெயத்தில் அவோதா என்ற ஒரே சொல் வேலைக்கும் ஆராதனைக்கும் வருகிறது. ரோமர் 12:1-ல் பவுல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று சொல்லி, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். சரீரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற சரீரம் இல்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதும் கை, வீட்டில் கத்தும் வாய், ராத்திரி கைபேசியைப் பார்க்கும் கண், எல்லாம்தான். ஆமோஸ் 5-இல் கர்த்தர் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போல் புரண்டுவரட்டும் என்கிறார். அன்று பாடியவர்கள் சுருதி தப்பிப் பாடவில்லை. சந்தையில் தராசைத் தப்பாகப் பிடித்தார்கள்.

ஆராதனையில் எனக்கு எந்த உணர்ச்சியும் வருவதில்லை. அப்படியானால் அது பொய்யா?

இல்லை. உணர்ச்சி வரும், போகும். சங்கீதக்காரனே "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று தன்னிடமே பேச வேண்டியிருந்தது. உணர்ச்சி வந்தால்தான் தேவன் வந்தார் என்று நினைப்பதுகூட ஒரு சின்னக் கன்றுக்குட்டி.

விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடியும் அதே விக்கிரகத்திடம் போய்விட்டேன். எனக்கு வழி உண்டா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தனியாக வந்து, தாழ்ந்த குரலில் கேட்பார்கள்.

முதலில், ஏன் திரும்பப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். மத்தேயு 12-இல் இயேசு சொன்ன வீட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அசுத்த ஆவி போய்விட்டது, வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. போனது ஏழு பேரோடு திரும்பி வருகிறது. தெசலோனிக்கேயரைப் பற்றிப் பவுல் எழுதும்போது அவர்கள் விக்கிரகங்களை விட்டார்கள் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. "ஜீவனுள்ள மெய்யான தேவனுக்கு ஊழியஞ்செய்வதற்கு" மனந்திரும்பினார்கள் என்கிறார். விடுவதற்கு ஒரு தீர்மானம் போதும். அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதற்குத் தினமும் நேரம் கொடுக்க வேண்டும். கைபேசியை ஒரு மணிநேரம் மூடிவைத்தால், அந்த ஒரு மணிநேரத்தில் யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். பணத்தைப் பற்றிய பயம் என்றால், கொடுக்கப் பழகுங்கள். சின்னத் தொகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். புகழ் என்றால், யாருக்கும் தெரியாத ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். வகுப்பு என் கையைவிட்டுப் போன அந்த மாதம் நான் நாற்காலி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது வாரத்தில் நாற்காலி அடுக்குவதையும் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, விழுந்தவர்களைச் சபை என்ன செய்தது என்று பாருங்கள். கி.பி. 250-ல் ரோமப் பேரரசர் தேசியஸின் ஆணைப்படி எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டியிருந்தது. பலியிட்டவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. எகிப்தில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் உண்டு. காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. உபத்திரவம் ஓய்ந்தபின் அவர்கள் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். ஒரு பிரிவினர் சேர்க்கவே கூடாது என்றார்கள். சிலர் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. அவசரப்படாத மனந்திரும்புதலுக்குப் பிறகு அவர்களுக்குக் கதவு திறக்கப்பட வேண்டும் என்றார். அந்த வழிதான் நின்றது.

அப்புறம் மனாசே. எசேக்கியாவின் மகன். தகப்பன் இடித்த பலியிடும் மேடைகளைத் திரும்பக் கட்டினவன், தேவனுடைய ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தை வைத்தவன். அசீரியர் அவனைச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு, நெருக்கத்தில் கெஞ்சினான். கர்த்தர் கேட்டார், எருசலேமுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். வந்தவன் அந்த விக்கிரகத்தை எடுத்து நகரத்துக்கு வெளியே போட்டான், பலிபீடத்தைச் செப்பனிட்டான். 2 நாளாகமம் 33-இல் இதற்குப் பிறகு ஒரு வசனம் வருகிறது, 17-ஆம் வசனம். ஜனங்கள் இன்னும் மேடைகளில்தான் பலியிட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் தங்கள் தேவனாகிய கர்த்தருக்கே பலியிட்டார்கள் என்று. பாதி தூரம் வந்த ஜனம். அவர்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.